தம்பி ‘ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டு அப்புறம் காலேஜ்’ என்கிறான்: விடலாமா?

கேள்வி: அனுப்பர்பாளையத்துக்காரி

வணக்கம். திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம் லைன் வீட்டில் இருக்கிறோம். சொந்த ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் பனியன் வேலைக்காக இங்கே வந்துவிட்டார்கள். அப்பா அயர்ன் மாஸ்டர், அம்மா செக்கிங். நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன்.

தம்பி அரசுப் பள்ளியில் காமர்ஸ் குரூப் படித்தான். ப்ளஸ் டூவில் 600க்கு 412. மோசமில்லை. பரீட்சை முடிந்து ஏப்ரலில் 18 வயது ஆனதும் ஒரு கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனுக்கு ஹெல்ப்பராகப் போக ஆரம்பித்தான். லீவில் சும்மா இருக்கிறானே, கைச்செலவுக்கு ஆகும் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. ரிசல்ட் வந்ததும் அப்ளிகேஷன் போடலாம் வாடா என்றால், “ஒரு வருஷம் போகட்டும்க்கா, அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன்” என்கிறான்.

படிப்பு வராத பையன் இல்லை. அவன் சொல்கிற காரணங்களைக் கேட்டால் எல்லாம் தெருவிலிருந்து வருகிறது. கூடச் சுற்றுகிறவர்கள் நாலு பேர், அதில் மூன்று பேர் ஏற்கெனவே கம்பெனிக்குப் போகிறார்கள். ஒருவன் டியூ போட்டு பைக் எடுத்துவிட்டான். அப்புறம் எங்கள் லைனிலேயே ஒரு அண்ணன், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பத்தாவதோடு நின்ற தன் கிளாஸ்மேட் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் துணி செக் பண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா படிப்புக்காக வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது. தம்பி என்ன பேசினாலும் கடைசியில் அந்த அண்ணனில் வந்து நிற்பான்.

போன மாதம் ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது பெரிய மாமா எல்லோர் முன்னாலும், “பொம்பளப் பிள்ளைய டிகிரி படிக்க வச்சாச்சு. பையனாவது சம்பாதிக்கட்டுமே” என்றார். அப்பா பதிலே சொல்லவில்லை. அம்மா “அவன் இஷ்டம்” என்கிறார்.

படிப்பு முக்கியம் என்ற அறிவுரை எங்களிடம் நிறைய இருக்கிறது, அது வேண்டாம். இந்த ‘ஒரு வருடம்’ போட்டவர்கள் யாராவது இருந்தால், அந்த வருடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

---

முன்னாள் கைமடி

அம்மணி, நான் போட்டேன் அந்த ஒரு வருடம். அவினாசிப் பக்கம். கைமடியாக (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் ஹெல்ப்பர்) சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் கற்று, பேட்லாக் மெஷின் ஓட்டி, இப்போது ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். அதனால் கதை சோகமாக முடியவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் ஒன்று. படிக்கப் போகாதே என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் சொல்ல மாட்டார்கள்.

முதல் சனிக்கிழமை சம்பளக் கவரை அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து எடுத்தார். அதுவரை ராத்திரி லேட்டாக வந்தால் திட்டு விழும். அதற்கப்புறம் ஒன்றரை ஷிப்ட் முடித்து பத்து மணிக்கு வந்தாலும் சோறு சூடாக இருக்கும். அப்பா என்னைக் கேட்டுவிட்டு கேஸ் புக் பண்ண ஆரம்பித்தார். பதினெட்டு வயதில் இந்த மரியாதை கிடைத்தால் காலேஜ் பெஞ்ச் ஞாபகத்துக்கு வருமா?

இரண்டாவது மாதம் பக்கத்து வீட்டு அக்காவிடம் என் பெயரில் சீட்டு போட்டார்கள். 20 மாதச் சீட்டு. அதிலேயே கணக்கு முடிந்துவிட்டது. நான் 12 மாதத்தில் காலேஜ் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சீட்டு 20 மாதம்! அன்றைக்கு யாரும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் அக்கா பையனுக்குக் காது குத்து வந்தது. படிக்கிற பையனாக இருந்திருந்தால் மடியில் உட்கார வைத்துக்கொண்டால் போதும், சீரை அப்பா செய்திருப்பார். சம்பாதிக்கிற தாய்மாமன் என்றால் கதையே வேறு. கால் பவுன் தோடு, துணி, தட்டு வரிசை எல்லாம் என் தலையில். அந்த விசேஷத்திலிருந்து மொய் நோட்டிலும் அப்பா பெயருக்குப் பதில் என் பெயர் ஏற ஆரம்பித்தது. மொய் வைத்தால் திரும்ப வரும், வந்தால் திரும்ப வைக்க வேண்டும். அதிலிருந்து ஒருத்தன் மூன்று வருடம் லீவு போட்டுவிட்டு காலேஜுக்குப் போக முடியாது. தீபாவளி போனஸ் வந்தது, எல்லோருக்கும் துணி எடுத்தேன். அடுத்த தீபாவளிக்கும் எடுப்பேன் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள், நானும்தான்.

ஜூன் வந்தபோது கூடப் படித்த ஒருத்தன் அப்ளிகேஷன் வேண்டுமா என்று கேட்டான். சீட்டு பாதிதான் போயிருந்தது. “அடுத்த வருஷம்டா” என்றேன். இன்னொன்றும் உண்டு, அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. நான் சேர்ந்தால் ஸ்கூலில் எனக்கு ஒரு வருடம் கீழே படித்தவர்கள் பக்கத்தில் உட்காருவார்கள். கிளாஸுக்குள்ளேயே “அண்ணா, பேனா இருக்கா” என்பார்கள். அந்தக் கூச்சம் பெரிய கூச்சம்.

பிற்பாடு கல்யாணம் ஆனதற்கப்புறம் தொலைதூரக் கல்வியில் பி.காம். முடித்தேன். மெஷினில் இருக்கும்வரை யாரும் டிகிரி கேட்கவில்லை. ஆபீஸ் சீட்டுக்கு வரும்போது முதல் கேள்வியே அதுதான்.

உங்கள் தம்பி போயே தீருவேன் என்றால் போகட்டும். ஆனால் சம்பளம் அவன் பெயரில் பேங்கில் ஏறட்டும். சீட்டு வேண்டாம், பைக் வேண்டாம், மொய் நோட்டில் பெயர் வேண்டவே வேண்டாம். வீட்டுச் செலவு அந்தப் பணத்தைத் தொடாத வரை அவன் திரும்பிப் போகலாம்.

ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் உங்கள் வீட்டில் பெரிய செலவு என்ன வருகிறது?

---

கார்ட்டன் பாக்ஸ்

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? என்னோடு பேக்கிங்கில் நிற்கிறவன் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. நான் பத்தாவது. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம், அதிலும் எனக்கு சீனியாரிட்டி வேறு. பையன் கட்டிங் கற்றுக்கொண்டால் நாலு வருடத்தில் மாஸ்டர். விடுங்கள் அவனை.

---

முன்னாள் கைமடி

பாக்ஸ் தம்பி, நீ சொல்வது இன்றைக்குச் சரி. நாற்பது வயதில் முதுகு போனதற்கப்புறம் ரெண்டு பேரும் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்கலாம். கட்டிங் மாஸ்டர் ஆவது நல்ல தொழில்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் மாஸ்டர் ஆகப் போகிறேன் என்று சொல்லவில்லையே, அடுத்த வருடம் காலேஜ் என்றுதானே சொல்கிறான்.

---

அனுப்பர்பாளையத்துக்காரி

கைமடி அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டில் வரும் பெரிய செலவு என் கல்யாணம்தான். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 15 பவுன் என்று பேச்சு. தங்கம் விற்கிற விலை உங்களுக்குத் தெரியும்.

நேற்று ராத்திரி தம்பியிடம் நேராகவே கேட்டேன். மழுப்பினான். அப்புறம், “மாமா அத்தனை பேருக்கு முன்னாடி கேட்டார்ல. அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டார்ல” என்றான். எனக்கு அவன் மேலும் கோபம், மாமா மேலும் கோபம். சுளையாக வாரம் மூவாயிரம் கொண்டுவருகிறான். அதை வைத்து 15 பவுனில் எத்தனை குண்டுமணி தேறும்? ஆனாலும் அவனுக்கு அது ஒரு கணக்கு.

---

கருமாத்தூர் பஸ்

நானும் உசிலம்பட்டிப் பக்கம்தான், அதனால் எழுதுகிறேன் தங்கச்சி.

பையன்கள் இந்த ஒரு வருடத்தை அவர்களே கேட்டு வாங்குகிறார்கள். எங்களைக் கேட்பதில்லை. நான் ப்ளஸ் டூ முடித்ததும், “ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றார் அப்பா. யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் அதற்கு முன்னாலேயே என் ஜாதக நகல் தரகர் பையில் ஏறியிருந்தது. ஃபீஸ் ஒரு பிரச்சினையே இல்லை. மதுரையில் காலேஜ், சாயங்காலம் எங்கள் ஊருக்குள் வரும் கடைசி பஸ்ஸை விட்டால் மெயின் ரோட்டில் இறங்கி இருட்டில் நடக்க வேண்டும். “பிராக்டிகல் இருந்தா யார் கூட வருவா?” என்று அத்தை ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் இல்லை, அதோடு முடிந்தது. இத்தனைக்கும் என் அண்ணன் அதே பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்தவன்தான்!

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது, எப்படி என்று சொல்கிறேன். முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்கு உதவி கொடுப்பார்கள், தாலிக்கு ஒரு பவுனும் டிகிரி முடித்த பெண் என்றால் 50 ஆயிரமும். 2022இல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு காலேஜ் சேரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஆக்கினார்கள், புதுமைப் பெண் திட்டம். என் சித்தி மகள் வாங்குகிறாள். ஆயிரம் ரூபாயில் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று நினைத்தேன். சித்தி அதை எப்படிப் பயன்படுத்துகிறார் தெரியுமா? யாராவது வரன் என்று வாயெடுத்தால், “மாசம் ஆயிரம் வருதுல்ல, இப்ப நிறுத்தினா அது போயிரும்” என்பார். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் சொந்தம் முகத்தைத் தூக்கும், பணம் போய்விடும் என்றால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும். மூன்று வருடம் ஓட்டிவிட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 15 பவுன் என்று முடிவு செய்தது யார்? அந்த நகை உங்கள் கழுத்துக்குத்தான் வருகிறது, நீங்கள் டிகிரி படித்து அக்கவுண்ட்ஸ் பார்க்கிறீர்கள். அந்தப் பேச்சு நடந்தபோது அறைக்குள் இருந்தீர்களா, அடுப்படியில் இருந்தீர்களா? தம்பியின் அப்ளிகேஷனை அங்கேயிருந்துதான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

நாமக்கல் ஹாஸ்டல்

இந்தத் திரியைப் படிக்கும்போது ஒன்று உறுத்தியது. நானும் ப்ளஸ் டூ முடித்து காலேஜ் சேராமல் இருந்தவன்தான், அதுவும் இரண்டு வருடம். ஆனால் என்னைப் பார்த்து ‘நின்னுட்டான்’ என்று யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் நான் நீட் ரிப்பீட்டர்.

அப்பா பேங்க் வேலை. நாமக்கல்லில் ஒரு கோச்சிங் சென்டரில் ஹாஸ்டலோடு சேர்த்தார். காலை ஐந்தரைக்கு பெல், ராத்திரி பத்தரை வரை படிப்பு, ஞாயிறு டெஸ்ட். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிட்டால், “டாக்டருக்குப் படிக்கிறான், தொந்தரவு பண்ணாதீங்க” என்று அம்மா போனை வைத்துவிடுவார். கைமடி அண்ணன் சொன்ன மொய், சீர் எதுவும் என்னைத் தொடவில்லை. கல்லூரியைத் தள்ளிப்போட்டதற்கு எனக்கு மரியாதை, அதே காரியத்தைச் செய்யும் பனியன் கம்பெனிப் பையனைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். இத்தனைக்கும் அவன் வீட்டுக்குப் பணம் கொண்டுவருகிறான், நான் லட்சக்கணக்கில் செலவு வைத்தேன்.

இது என் ஒருவன் கதையும் இல்லை. நீட்டால் என்ன பாதிப்பு என்று ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது: நம் மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுபடி எழுதி வந்தவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். அதாவது ஒரு வருடம் காத்திருக்க வசதி இருக்கிறவர்களுக்குத்தான் அந்தப் படிப்பு என்று ஆகிவிட்டது. என்னோடு முதல் வருடம் எழுதிவிட்டு, இன்னொரு வருட ஃபீஸ் கட்ட முடியாமல் போனவன் என்னைவிட நன்றாகப் படித்தவன்.

எனக்கும் கிடைக்கவில்லை. பி.எஸ்சி. சேர்ந்தேன், இரண்டு வருடம் லேட். வயது வித்தியாசம் முதல் வாரம் உறுத்தியது, அப்புறம் என்னை ‘தல’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். தம்பிக்கு அந்தக் கூச்சம் வந்தால் இதைச் சொல்லுங்கள்.

---

இரண்டாம் ஷிப்ட்

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் முதலாம் ஆண்டில் சில பேர் இப்படி இடைவெளி விட்டு வருகிறார்கள். முகத்தைப் பார்த்தால் தெரியாது, கையைப் பார்த்தால் தெரியும். விரலில் கத்தரி காய்ப்பு இருக்கும், பட்டறையில் வேலை பார்த்த பையன் என்றால் நகக்கண்ணில் கருப்பு போகாது. சேர்க்கையின்போது “ஏன் லேட்?” என்று குறுக்கு விசாரணை யாரும் செய்வதில்லை. சான்றிதழ் சரியாக இருந்தால் போதும். வந்தவர்களில் நிலைத்து நிற்கிறவர்கள் யார் என்றால், வேலையை ஒரேயடியாக விடாமல் குறைத்துக்கொண்டவர்கள். வீட்டுக்கு வரும் பணம் திடீரென்று நின்றால் இரண்டாவது மாதமே ஆள் வர மாட்டான். 75 சதவீத வருகை வேண்டும், அங்கேதான் அடிபடுகிறார்கள்.

அதனால் உங்கள் தம்பி ‘ஒன்று வேலை, இல்லை படிப்பு’ என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை முதலில் உடையுங்கள். சில அரசுக் கல்லூரிகளில் காலை, மதியம் என இரண்டு சுழற்சி உண்டு, சேர்கிற கல்லூரியில் எப்படி என்று விசாரியுங்கள். அரை நாள் வகுப்பு, மீதி நேரம் ஏதாவது ஒரு வேலை என்று மூன்று வருடமும் ஓட்டிய பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தானே. அரசுக் கல்லூரியில் இளங்கலைக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது, மற்ற கட்டணமெல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சில ஆயிரம், அவனுடைய ஓரிரு வாரச் சம்பளம். அந்த இன்ஜினியரிங் அண்ணன் வீட்டுக் கடனையும் இதையும் ஒரே கணக்கில் வைக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். பையன்களுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் அவனுக்கும் உண்டு.

தெருவில் நாலில் மூன்று பேர் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம் மாநிலம் உயர்கல்வியில் முன்னால் இருக்கிறது என்று மேடையில் சொல்வார்கள், உண்மைதான். 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுச் சராசரி 28.4 சதவீதம், நமக்கு 47. ஆனால் 47 என்றாலும் பாதிப் பேர் வெளியே இருக்கிறார்கள். அந்தப் பாதி எல்லாத் தெருவிலும் சமமாகப் பரவியில்லை. சில தெருக்களில் காலேஜுக்குப் போகிறவன்தான் தனியாகத் தெரிவான், உங்கள் தெரு அப்படி ஒன்று போலிருக்கிறது. அந்தத் தெருவில் நின்றுகொண்டு உங்கள் தம்பி எடுத்த முடிவை சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு இணையத்தில் விண்ணப்பத்தை மட்டும் போடுங்கள். 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 2 ரூபாய். தரவரிசை வந்தபிறகு சேர்வதா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொள்ளலாம். கையில் இடம் இருக்கும்போது போடுகிற சண்டை வேறு.

---

அனுப்பர்பாளையத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கைமடி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். லைன் வீட்டு அக்காவிடம் தம்பி பெயரில் சீட்டு ஏற்கெனவே போட்டாயிற்று! போன மாதமே. மாதம் 3000. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அந்த அக்காவிடம் பேசி என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன், இனி நான்தான் கட்டுகிறேன்.

கருமாத்தூர் அக்கா, நான் அடுப்படியில்தான் இருந்தேன். அப்பாவிடம் வரன் பார்ப்பதை அடுத்த தைக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன், பவுனும் பத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பா “பார்க்கலாம்” என்றார். எங்கள் அப்பா பார்க்கலாம் என்றால் பாதி சரி என்று அர்த்தம். மாமாவிடம் யாரும் இன்னும் பேசவில்லை, அது பெரிய வேலை.

தம்பி அப்ளிகேஷன் போட்டுவிட்டான், முதல் விருப்பம் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். சேர்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, ரேங்க் வரட்டும் என்கிறான். ஆனால் சனி, ஞாயிறு மட்டும் வேலைக்கு வரலாமா என்று கட்டிங் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறான். அது எனக்கு அவன் ஃபிரண்ட் மூலமாகத்தான் தெரிந்தது.

மேடம்/சார் ஒரு சந்தேகம். அவன் சாதிச் சான்று உசிலம்பட்டி முகவரியில் எடுத்தது. இப்போது ஆதாரில் திருப்பூர் முகவரி. கவுன்சிலிங்கில் பிரச்சினை வருமா?

---

இரண்டாம் ஷிப்ட்

வராது. சாதிச் சான்று நிரந்தரம், முகவரி மாறியதற்காகப் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. வருமானச் சான்று கேட்டால் அதை மட்டும் இ-சேவை மையத்தில் இப்போதைய முகவரிக்குப் புதிதாக விண்ணப்பித்துக்கொள்ளுங்கள், கடைசி நாள்வரை விட வேண்டாம். பள்ளியில் டி.சி.யும் மதிப்பெண் சான்றும் வாங்கியாயிற்றா என்று பாருங்கள், எல்லாவற்றையும் நாலைந்து நகல் எடுத்து வையுங்கள். கம்பெனியில் வயதுச் சான்றுக்கு என்று அசல் கேட்டால் கொடுத்துவிட வேண்டாம், நகல் போதும். (மேடம்தான்.)